பழைய பெட்டியில் தெரிந்த முகம்

போர் முடிந்த அந்த வாரம் நான் காத்தான்குடியில் ஒரு தொலைக்காட்சிக் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். புதுப் பெட்டி ஒன்றையும் பழைய மொடல் ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டிலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. சனியன், ஒத்தே வராது. அன்றும் எரிச்சலில் புதியதில் வெளிச்சத்தைக் கண்டபடி கூட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

செய்தியில், வன்னியிலிருந்து தண்ணீருக்குள்ளால் நடந்து வந்த சனங்களைக் காட்டினார்கள். வாசலில் ஓர் அம்மா நின்றார். சுனாமியில் வீடு போனபின் கதிரவெளியிலிருந்து வந்து, எங்கள் தெருவில் கச்சான் கடலை விற்றவர். வன்னியில் இருந்த மகனைப் பற்றித் தகவலே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

"தம்பி, அந்தா அந்தப் பொடியன்! பழைய பெட்டியில என்ட மகன் மாதிரியே இருக்கான். புதுசுல பார்த்தா வேற ஆரோ வெள்ளைப் பொடியன். எது தம்பி சரியான கலர்?"

நான் யோசிக்கவே இல்லை. விற்றுப் பழகிய வாய், "புதுசுதான் அம்மா, அசல் கலர்" என்றது.

"அப்ப அவன் இல்ல" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்குள் ஒருவர் புதுப் பெட்டிக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றார்.