பதினேழு குறைகள்

பள்ளிக்கூடங்களுக்குப் பத்து வருடம் மேசை நாற்காலி விற்றவள் அவள். அந்தக் கம்பெனி மூடிவிட, நாற்பத்து நான்கு வயதில் மென்பொருள் விற்கும் வேலையில் சேர்ந்தாள். "மேசைன்னா தட்டிக் காட்டலாம். இதை எங்க தட்டிக் காட்டுவே?" என்றார் கணவர். கேலிதான், ஆனால் நியாயமான கேள்வி.

அவளுக்கு ஒதுக்கப்பட்டவை ஒரே பெயரில் நடக்கும் பதினான்கு சலவைக் கடைகள். பெயர் ஒன்று, முதலாளிகள் பதினான்கு பேர். யாருடைய துணி எந்த அலமாரியில் இருக்கிறது, என்றைக்குத் தர வேண்டும் என்று திரையில் காட்டுவதுதான் அவள் விற்ற மென்பொருள். மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள், யாரும் வாங்கவில்லை. செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஏழாவது கடையின் முதலாளியம்மாதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ஒரு காலரில் இருந்த மைக் கறையைத் தேய்த்தபடியே சொன்னாள்.

"உங்ககிட்ட யாருமே சொல்லலையா? நாங்க ஒரு ஹேங்கர்கூட சொந்தமா வாங்க முடியாதும்மா. சோப்புத் தூள்லேருந்து பேனா வரைக்கும் ஹெட் ஆபீஸ்தான் வாங்கி அனுப்பும். அங்க ஒருத்தர் இருக்கார். 'ஒத்தக் கையெழுத்து'ன்னு சொல்லுவோம். அவரைப் பாருங்க."

"அப்புறம் ஏன் எல்லாரும் தலையாட்டினாங்க?"

"தலையாட்டறதுக்கு ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டாமே."

ஒற்றைக் கையெழுத்துக்காரர் ஒல்லியானவர். அவர் அறைச் சுவர் முழுக்க ஹேங்கர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஈரக் கோட்டு.

"ஒரு ஹேங்கரையே ஒரு வாரம் தொங்கவிட்டுப் பாத்துத்தான் வாங்குவேன்" என்றார். "உங்க சாமானையும் ஒரு கடையில ஒரு மாசம் ஓட்டுங்க. அந்தக் கடைக்காரங்க கையால எழுதி வாங்கிட்டு வாங்க."

அவள் ஏழாவது கடைக்கே போனாள். மாதக் கடைசியில் முதலாளியம்மா நீட்டிய கடிதத்தை அவள் அங்கேயே நின்று படித்தாள். வரிசையாகப் பதினேழு குறைகள். ஈரக் கையால் தொட்டால் திரை அசைவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் துணி போட்டால் ஒருவர் பெயரில்தான் ஏறுகிறது. பொத்தான் இல்லாமல் வந்த சட்டை என்று குறிக்க இடமில்லை, அப்புறம் நம்மிடம் பொத்தான் கேட்கிறார்கள்.

"நல்லதா ஒண்ணுகூட எழுதலையேக்கா?"

"நல்லா இருக்கறதை எதுக்கு எழுதணும்? அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்கு."

அவளுடைய மேலாளர் போனில் கத்தினார். நாலு குறையை மட்டும் வைத்துத் திருப்பி எழுதி வாங்கு என்றார். அவள் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து மறுபடி படித்தாள். மாதம் முழுக்க ஒரு நாள் விடாமல் பயன்படுத்தினால் ஒழிய இப்படி எழுத வராது. பத்து வருடத்தில் அவள் விற்ற எந்த மேசையையும் யாரும் இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. கடிதத்தை அப்படியே ஒற்றைக் கையெழுத்துக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். "இதுல எத்தனை சரி பண்ணுவீங்க?"

"பதினொண்ணு ரெண்டு வாரத்துல முடியும். நாலுக்கு மூணு மாசம் ஆகும். மீதி ரெண்டும் எங்களால முடியாது சார்."

"இதுக்கு முன்னாடி மூணு கம்பெனிக்காரங்க வந்தாங்க. மூணு பேரும் பாராட்டுக் கடிதம்தான் கொண்டுவந்தாங்க" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். பதினான்கு கடைகளுக்கும் ஒரே கையெழுத்து.

அவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஏழாவது கடைக்கு வந்தாள். "உங்களாலதான்க்கா" என்றாள்.

"நான் என் கடைக்காகத்தானே எழுதினேன்" என்றாள் முதலாளியம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு. கடையில் கூட்டம். தேய்த்த சட்டைகள் குவிந்து கிடந்தன. அவள் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உறை போடத் தொடங்கினாள். முதலாளியம்மா தடுக்கவில்லை.

"தோள்பட்டையை நேராக்கிட்டுப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.