முகம் தெரியும் பெட்டி

பழைய டிவி சூடாகும்போது வரும் தூசி மணம் இன்று ஒரு ரிப்பேர் கடையில் அடித்தது. அந்த மணத்தை முதலில் அறிந்தபோது எனக்குப் பத்து வயது. குவைத்தில் வேலை பார்த்த அப்பா கொடுத்துவிட்ட பழைய கம்ப்யூட்டரை மணவாளக்குறிச்சி வீட்டு டிவியில் மாட்டியிருந்தோம். அதில் எழுத்து மட்டும்தான் தெரியும்.

"மக்கா, அதுக்குப் புதுசா ஒரு பெட்டி வருதாம். மாட்டினா என் முகமே தெரியுமாம்," என்றார் அப்பா வெள்ளிக்கிழமை போனில்.

மார்த்தாண்டத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் விசாரித்தேன். "இது கம்பெனியே நிறுத்தின மெஷினாக்கும் பிள்ளே. இனி ஒண்ணும் வராது."

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்பா, "பெட்டி வந்ததும் அனுப்புதேன்," என்றார்.

"செரிப்பா," என்றேன்.

லீவே கிடைக்காமல் ஆறு வருடம் கழித்து அவர் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்திறங்கினார். நரைத்த தலையோடு வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் அம்மாவிடம் கேட்டார்: "பிள்ள எங்கட்டி?"

நான் அம்மாவின் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.