கராஜுக்குப் பின்னால் காய்ச்சிய டீசல்

நாட்டில் டீசல் இல்லாமல் போன வருடம், நானும் என் கூட்டாளியும் பழைய என்ஜின் ஒயிலைக் காய்ச்சி டீசல் இறக்கினோம். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியில் நான் ஃபிட்டர். அவன் பஜாரில் கராஜ் வைத்திருந்தான். நான் தோட்டத்துப் பிள்ளை, அவன் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. பஜார் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த நாளில் இருந்து ஒருவருக்கொருவர் மச்சான்.

தோட்டத்தில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு லொறிதான் உண்டு. டீசல் இல்லாமல் அது வாரக்கணக்கில் நின்றது. அந்த நாட்களில் ரப்பர் பால் வெட்டும் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு இறங்கினோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். அன்று பின்னேரமே அவனுடைய கராஜுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

அவன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு, "பின்னால நாலு பெரல் பழைய ஒயில் சும்மா ஈக்கி மச்சான். டீசலும் அதுவும் ஒரே எடத்துல இருந்து வந்த சாமான்தானே" என்றான்.

தடித்த இரும்புப் பெரல் ஒன்றுக்கு மூடி செய்து போல்ட் போட்டு இறுக்கினோம். மூடியில் இருந்து ஒரு குழாய் எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளால் விட்டோம். அடியில் ரப்பர் விறகு. ஒயில் கொதித்து எழும் ஆவி, தொட்டிக்குள் குளிர்ந்து மறுபக்கம் சொட்ட வேண்டும். முதல் தடவை தீயைக் கூட்டிவிட்டோம்; ஒயில் பொங்கிக் கறுப்பாகவே வந்து கொட்டியது. இரண்டாம் தடவை மூடி ஒழுகியது. மூன்றாம் தடவை பொறுமையாக எரித்தோம். முதலில் ஒயிலில் கலந்திருந்த தண்ணீர் வந்தது. அடுத்து பெற்றோல் மணத்தோடு மெல்லிசாக ஒன்று. அது சட்டென்று பற்றிக்கொள்ளும் என்பதால் வேறாக எடுத்து வைத்தோம். அதற்குப் பிறகு மஞ்சளாக, நாங்கள் எதிர்பார்த்த சாமான் வந்தது. அடியில் தார் மாதிரி ஒன்று தங்கியது.

அதைக் கராஜில் கிடந்த பழைய தண்ணீர்ப் பம்பில் ஊற்றி அவன் கயிற்றை இழுத்தான். வெள்ளைப் புகை கக்கிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது. அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

லொறி டிரைவர் முதலில் சம்மதிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டு, லொறியின் டீசல் பம்ப் பழுதாகும் என்று சிங்களத்தில் முணுமுணுத்தார். இரவு முழுக்கத் தெளியவிட்டு, துணியில் வடித்துக் கொடுத்தோம். லொறி ஓடியது. பாம்பு கடித்த பிள்ளையைக் கொண்டுபோனது. நெஞ்சு வலி வந்த கங்காணியைக் கொண்டுபோனது. அந்த லொறி வளைவில் இறங்கும் சத்தம் கேட்டால் ஃபேக்டரியில் நான் வேலையை நிறுத்திவிட்டு நிற்பேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. தீ அணைத்த அன்றைக்குப் பெரலைத் திறக்கக் கூடாது. உள்ளே சூடான ஆவி நிற்கும், காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும். இதைச் சொன்னவன் நான்தான்.

ஒரு நாள் காலையில் தீயை அணைத்திருந்தோம். பகல் தாண்டி லொறி டீசல் எடுக்க வந்தது. மறுநாள் ஒரு பெண்ணைக் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டிரைவர் சொன்னார். இறக்கி வைத்தது அதற்குப் போதவில்லை.

"இப்பவே இன்னொரு வாட்டி ஒயில் போட்டு எரிச்சாத்தான் நாளைக்குப் போகலாம்" என்றேன்.

"சூடு ஈக்குமே மச்சான்."

நான் பெரலின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தாங்கக்கூடிய சூடுதான். அடியில் கிடந்த தார் எவ்வளவு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நாற்காலியில் தூக்கிக்கொண்டு போன பெண்தான் மனதில் இருந்தாள்.

"ஆறிருச்சு. தெற" என்றேன்.

அவன் திறந்தான். நான் புனல் எடுக்கத் திரும்பியிருந்தேன். மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பினபோது அவன் சட்டை முழுக்கத் தீ. சாக்கை நனைத்துப் போட்டு உருட்டினேன். என் கைகள் மணிக்கட்டு வரைக்கும் வெந்தன.

ரோட்டில் நின்ற அதே லொறியில்தான் ஏற்றினோம். பின்னால் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"எங்கட டீசல்லயா ஓடுது?" என்று கேட்டான்.

"ஆமா."

"நல்லாத்தான் ஓடுது" என்றான்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ் சார்ஜன்ட் வாக்குமூலம் எடுக்க வந்தார். தானே அவசரப்பட்டுத் திறந்ததாகவும் யாரும் திறக்கச் சொல்லவில்லை என்றும் அவன் சிங்களத்தில் சொன்னான். கைகளில் கட்டுடன் நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஒன்பதாம் நாள் அவன் மவுத்தானான்.

அவன் மனைவி, கணவனை இழந்த பெண்கள் இருக்கும் இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் அவரைப் பார்க்கக் கூடாது. அது முடிந்ததும் போய் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள், போக முடியாமல் இருப்பது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இத்தா முடிந்த பிறகும் இரண்டு மாதம் இழுத்தேன். அதற்குள் பெற்றோல் ஷெட்டுகளுக்கு டீசல் வரத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவன் மனைவி கதவுக்குப் பக்கத்தில் நின்றார், அவனுடைய உம்மா உள்ளே இருந்தார். தேத்தண்ணி வந்தது. அதைத் தொடாமல் சொன்னேன். "தெறக்கச் சொன்னது நாந்தாங்க. அவன் சூடு இருக்கும்னு சொன்னான். நாந்தான் கை வச்சுப் பாத்துட்டு, தெறன்னேன்."

அவர் அழவில்லை.

"ஏன் அண்டைக்கே செல்லல்ல?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"அவர் அவசரக்காரன், அதுதான் இப்பிடி ஆகின என்டு வூட்டுக்கு வாற ஆளெல்லாம் செல்றாங்க. நான் கேட்டுக்கிட்டு ஈந்தேன்" என்றார். பிறகு, "நானும் அவரோட கோவமாத்தான் ஈந்தேன். புள்ளைகள உட்டுட்டு பெய்த்துட்டாரே என்டு. மவுத்தான மனிசரோட இத்தன நாளா கோவமா ஈந்திருக்கேன்" என்றார்.

நான் எழுந்தேன்.

"என்கிட்ட மட்டும் செல்லிட்டுப் போகாதீங்க. அவர்ட நானாமார்கிட்டயும் செல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவனுடைய இரண்டு அண்ணன்மாரும் வீட்டுக்கு வரும்வரை வாசலில் நின்றேன். அவர்கள் முன்னால் ஒன்றும் விடாமல் சொன்னேன். சின்னவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். பெரியவர் முடியும்வரை கேட்டார். பிறகு என் கைகளைப் பார்த்து, "ஆறிட்டா?" என்றார். ஆறிவிட்டது என்றேன். "சரி, போங்க" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனை அவசரக்காரன் என்று யாரும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் மனைவி என்னோடு பேசுவதில்லை. பஜாரில் கண்டால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்து போவார். நானும் ஒதுங்கி வழி விடுவேன்.