தோளில் நின்ற வாயு

காலையில் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து கிளினிக்குக்கு நடக்கும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவது என் வழக்கம். அடுக்குமாடிகளின் சமையலறைச் சன்னல்களிலிருந்து துணி உலர்த்தும் மூங்கில் கம்புகள் ஒவ்வொன்றாக வெளியே நீளும். ஈரத் துணிகள் கனத்துத் தொங்கும். பாதித் தூக்கத்தில் இருக்கும் கண்ணுக்குக் கட்டடமே சோம்பல் முறிப்பதுபோல் தெரியும்.

வயதானவர்களின் உடம்பு விறைப்பு என்றால் எனக்கு அந்தக் கம்புகள்தான் நினைவுக்கு வருகின்றன. கிளினிக்குக்கு எதிர் அடுக்குமாடி புளோக்கில் தனியாக இருக்கும் ஓர் அம்மாள்தான் காரணம். சாங்கியில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளமெண்டியில் வசிக்கும் மகள் அவரை அழைத்து வந்திருந்தார்.

"அம்மாவுக்குத் தோள்ல கேஸ், டாக்டர்" என்றார் மகள். "வேற கிளினிக்ல காட்டி கேஸ் மருந்துதான் சாப்பிடுறாங்க. சரியாகல."

"தோள்லயா?"

"அவங்கதான் வாயுன்னு சொன்னாங்க லா."

அம்மாள் மகளைத் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து வரவில்லை, உடம்பு முழுவதும் சேர்ந்து திரும்பியது. "அந்த வாயு இல்லடி. பிடிச்சிக்கிட்டு நிக்குதுல்ல, அந்த வாயு. நீ இங்கிலீஷ்ல என்னத்தச் சொன்னியோ, அந்த டாக்டரு வயித்தத் தட்டிப் பாத்து அனுப்பிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அம்மாளும் சிரித்து, உடனே தோளைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்க, டாக்டரம்மா. இழுக்குது."

என் மனம் தன் வழக்கமான வரிசையில் கேள்விகளை அடுக்கத் தொடங்கியது. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? இரண்டு தோளும், இடுப்பும். எப்போது அதிகம்? விடிந்ததும், உடம்பு தளர முற்பகல் ஆகிவிடும். கொழுப்புக்குப் புதிதாக மாத்திரை உண்டா? இல்லை. தலைவலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல்? இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. நான் சந்தேகித்த நோயோடு சேர்ந்து வரும் இன்னொன்று கண்பார்வையைப் பறித்துவிடக்கூடும்.

அவர் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும். நடுக்குவாத நோயின் விறைப்பு என்றால் கை தடைபட்டுத் தடைபட்டு நகரும். "கையைத் தளர விடுங்க, ஆன்ட்டி" என்றால் யாருக்கும் தளராது. அவரும் எனக்கு உதவுவதாக நினைத்துக் கையைத் தானே அசைத்துக் கொடுத்தார்.

"நேத்து என்ன சமைச்சீங்க?"

"மீன் கறி. கெண்டை கெடைக்கல, குறாவ் வாங்கினேன். தேங்காய கடைசியாத்தான் ஊத்தணும்..."

அவர் பேச்சில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை என் உள்ளங்கையில் இறங்கியது. தூங்கும் குழந்தையைத் தூக்கியதுபோல் அத்தனை கனம், அத்தனை நம்பிக்கை. முழங்கை தடங்கலில்லாமல் மடங்கி நீண்டது. வலுவும் குறையவில்லை. தோள்தான் பாதி உயரத்துக்கு மேல் ஏறமாட்டேன் என்றது.

"ஜூன்ல கிளமெண்டிக்கு எங்ககூடவே வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார் மகள். "கம்பு தூக்க முடியல. ஈரச் சீலை நாற்காலியில கெடக்கு. எப்படித் தனியா விடுறது?"

"உன் வீட்ல டிரையர்தான் இருக்கு. என் சீலைக்கு அது ஆவாது." என்றார் அம்மாள். "கம்ப நானே வெளிய நீட்டிட்டா என்ன இங்கேயே விட்டுடுவியா?"

"நீட்டுங்க, பாப்போம்."

இரண்டு நாள் கழித்து இருவரும் மீண்டும் வந்தபோது, இரத்தப் பரிசோதனையில் அழற்சி அளவு எகிறியிருந்தது. தைராய்டும் தசை நொதிகளும் சரியாகவே இருந்தன. நோயின் பெயரைச் சொன்னேன்: பாலிமயால்ஜியா, தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ளும் அழற்சி. மகள் கைப்பேசியில் எழுத்துக்கூட்டித் தேடினார். "அதுக்குத் தமிழ்ல என்ன, டாக்டர்?"

நான் வாய் திறக்கும் முன்பே அம்மாள் சொன்னார்: "அதான் வாயுன்னு சொன்னேன்ல."

குறைந்த அளவில் ஸ்டீராய்டு தொடங்கினேன். திடீரென்று நிறுத்தக் கூடாது, எலும்புக்கும் சேர்த்து மாத்திரை, தலைவலி வந்தாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் தனியாக வந்தார். தானே கை தூக்கி முடிந்த கொண்டை உச்சிக்கு ஏறியிருந்தது. "ஒருநா கண்ணு முழிக்கிறேன், எனக்கு முன்னாடி கை எழுந்திருச்சிருச்சு" என்றார், யாரோ விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல்.

"கம்பு?"

"இன்னும் இல்ல. அவ வரட்டும். அவ பாக்கணும்ல."

முதலில் லேசான துணிகளோடு ஆரம்பிக்கச் சொன்னேன். தலையாட்டினார். தலையாட்டல் எல்லாம் சம்மதம் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை எதிர் புளோக்கின் கீழே மகள் நின்றுகொண்டிருந்தார், கைப்பேசி காதில், பார்வை மேலே. நானும் பக்கத்தில் நின்றேன். நான்காம் மாடிச் சன்னலில் ஒரு கம்பு முனை தெரிந்தது, நின்றது. பிறகு கம்பு மெதுவாக, நீருக்குள் அசைவதுபோல் நீண்டுகொண்டே வந்தது. முழு நீள மஞ்சள் சீலை விரிந்து வெயிலை வடிகட்டியது. லேசான துணி என்று நான் சொன்ன பேச்சை அம்மாள் கேட்கவில்லை.

"சரி, சரி, பாத்துட்டேன்" என்றார் மகள் கைப்பேசியில். "ஜூன்ல நீங்க வர வேணாம். நாங்க வரோம். மீன் கறி வைங்க."

மேலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. துடைக்காமல் கிளினிக்கைத் திறக்கப் போனேன்.