பச்சைக் கிளை

ஜெர்மனியில் பான் நகருக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணையில் அந்த ஈழத்து அக்காவைச் சந்தித்தேன். ஹாலி என்ற அலங்கார முள்ளிலைச் செடியில் புதுப்புது இலை ரகங்களை உருவாக்குவது அவர் வேலை. கையுறை போடமாட்டார், முள் இலையைப் புறங்கையில் உரசிப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

அன்று, வெள்ளை விளிம்பிட்ட இலைகளுக்கு நடுவே செழித்திருந்த பச்சைக் கிளை ஒன்றை வெட்டினார்.

“நல்லாத்தானே வளருது அக்கா?” என்றேன்.

“ஓம், அதாலதான். விட்டா முழுச் செடியையும் பச்சையாக்கிப் போடும். பிறகு புது ரகம் எண்டு சொல்ல ஏலாது.”

வெட்டிய கிளையை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தார். அவர் வீட்டு வேலி முழுக்க இப்படி வெட்டிய பச்சைக் கிளைகளை ஊன்றி வளர்த்ததுதானாம்.

“வேலியில வெள்ளை விளிம்பு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டேன்.

“வீட்டிலயும் வெட்டிக்கொண்டு நிக்கவோ?” என்றார்.

கடைகளில் வெள்ளை விளிம்பு ஹாலியைக் காணும்போதெல்லாம், அந்த வேலி இப்போது எவ்வளவு உயர்ந்திருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.