இளைக்க வந்தவர்களும் இடுப்பு பிடித்தவர்களும்

உடம்பைக் குறைக்கக் கற்றுக்கொடுக்கிற தொழிலுக்கு வருகிறவனுக்குத் தோள்பலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சந்தேகப்படுகிற புத்தி இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. கண்ணாடியில் தொந்தியைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே ஆவேசமாகத் தண்டால் எடுத்து, அதற்கடுத்த நாள் பாயோடு பாயாகக் கிடந்து அவதிப்பட்ட சகோதரர்களே, நீங்களும் உங்கள் வாத்தியாரிடம் பொய் சொன்னவர்கள்தான். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்றீர்கள். வலியே இல்லை என்றீர்கள். உங்களைத்தான் சொல்கிறேன்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் நான் கம்பத்தில் ஒரு தேகப்பயிற்சிசாலை வைத்திருந்தேன். மதுரையில் ஒரு வஸ்தாதிடம் கற்றுக்கொண்டு வந்த வித்தை. அரிசி மில் முதலாளி பெருமாள்சாமியின் பழைய நெல் கிடங்குதான் பயிற்சிசாலை. சுவரோரம் தோளுக்கு மேல் சுழற்றிப் பழகுகிற கரலாக்கட்டைகள், ஒரு மூலையில் முதலாளியின் காலிச் சாக்கு அடுக்கு, அவ்வளவுதான். கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது முதலாளியின் இடுப்பில்.

முதல் பலி

முதலாளியின் மச்சினர் குருசாமி நல்ல கனத்த சரீரம். சேர்ந்த அன்றைக்கே, நான் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, இருப்பதிலேயே பெரிய கரலாக்கட்டையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் சுழற்றிவிட்டார். கட்டை சுற்றி வந்தது. அவர் மட்டும் நின்ற இடத்திலேயே கோணலாக நின்றுவிட்டார். குறுக்கு பிடித்துக்கொண்டது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினோம். 'முன்னால் எப்போதாவது இடுப்பு வலித்ததுண்டா?' என்று சேரும்போதே கேட்டிருந்தேன். கிடையவே கிடையாது என்று மார்தட்டியவர், வண்டியில் படுத்தபிறகு, போன அறுவடையிலிருந்தே இருக்கிறது என்று முனகினார்.

அன்று சாயங்காலம் முதலாளி வந்தார். அவர் வருவதை, ஆள் தெரிவதற்கு முன்னால் செருப்பு சொல்லிவிடும். தடித்த தோல் செருப்பு, ஒவ்வொரு அடிக்கும் கிரீச்சென்று கத்தும். எனக்குச் சோறு போடுகிற இடம் அந்தக் கிடங்கு ஒன்றுதான், அது அவருக்கும் தெரியும். வாசற்படியில் நின்றபடியே சொன்னார்: "ஏப்பா வாத்தியாரு, இங்கன வந்து இன்னொரு ஆளுக்குக் குறுக்கு பிடிச்சுச்சுன்னு என் காதுல விழட்டும், கதவைப் பூட்டிச் சாவியை முல்லையாத்துல வீசிருவேன்."

நடக்கச் சொன்ன குற்றம்

அன்றிலிருந்து சட்டத்தை மாற்றினேன். புதிதாக வருகிறவர் கட்டையைத் தொடக்கூடாது. முதலில் வாய்க்கால் கரையில் நடை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிந்த பிறகு கைகால் வீசிப் பழகுவது. பிறகு சுவரில் கை ஊன்றித் தண்டால், அது சுலபமாக வந்த பிறகு தரையில் தண்டால். கட்டை கடைசியில்தான், அதுவும் சின்னக் கட்டை. எங்கே சுருக்கென்றாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஏலக்காய் வியாபாரி கனி ராவுத்தருக்கு இது பிடிக்கவில்லை. குமுளிக்கு மேலே அவருக்குத் தோட்டம் இருந்தது. உடம்பு பருத்தபிறகு மலையேற முடியாமல், அங்கே என்ன விளைகிறது, என்ன காணாமல் போகிறது என்பதைக் கங்காணி சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கங்காணி மேல் அவருக்குச் சந்தேகம். அதற்காகவே இளைக்க வந்தார். இப்போது என் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல பயிற்சியையெல்லாம் வேறு யாருக்கோ ஒளித்துவைத்துக்கொண்டு தன்னை வெறுமனே நடக்கவிடுகிறேனோ என்று கரை நெடுக என்னைத் துருவித் துருவிக் கேட்டார். திரும்பும்போது நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "வஸ்தாதே, நடக்கக் கத்துக்கிடுறதுக்கு நான் என்ன தவழுற பிள்ளையா?"

யார் பார்ப்பதற்கு?

வெற்றிலைக் கொடிக்கால் சீனிச்சாமி, குனிந்து வேலை பார்க்கத் தொந்தி இடைஞ்சலாக இருக்கிறது என்று வந்தவர். நான் நம்பினேன். அவர் மனைவி ஆண்டத்தாள் நம்பவில்லை. ஒருநாள் காலை ஆண்டத்தாள் நேராகக் கிடங்குக்குள் வந்து, சாக்கு அடுக்குக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் எல்லாம் எட்டிப் பார்த்தார். கனி ராவுத்தர் அவசர அவசரமாகத் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். பொம்பளை யாரும் ஒளிந்திருக்கவில்லை என்று தெரிந்தும் ஆண்டத்தாளுக்கு மனசு ஆறவில்லை.

புருஷன் ராத்திரிச் சோற்றில் பாதியை வைத்துவிடுகிறார், காலையில் எழுப்பாமலே எழுந்து போகிறார், பக்கத்தில் வந்தால் தைலம் மணக்கிறது, இதெல்லாம் எதில் கொண்டுபோய் விடும் என்று என்னைக் கேட்டார். உடம்புக்கு நல்லதுதானேம்மா என்றேன். "நாப்பது வயசுக்கு மேல இவுகளுக்கு இடுப்பு எதுக்குச் சுருங்கணும்? யாரு பாக்குறதுக்கு?"

இரட்டைப் பிள்ளை பெற்றவர் வாசல்

ஆண்டத்தாள் போனபிறகு என் காதில் நின்றது ஒரே ஒரு சொல்தான்: தைலம். வலி இல்லாதவனுக்குத் தைலம் எதற்கு?

எங்கள் பக்கத்தில் குறுக்கு பிடித்தாலும் சுளுக்கு விழுந்தாலும் முதலில் வைத்தியரைத் தேடமாட்டார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவளைத் தேடுவார்கள். ஆளைக் குப்புறப் போட்டு அவள் குதிகாலால் மிதித்துவிட்டால் பிடிப்பு விட்டுவிடும் என்று நம்பிக்கை. என் தெருக்கோடியில் இருந்த பேச்சியம்மாள் அப்படி மிதிக்கிறவர். காசு வாங்கினால் ராசி போய்விடும் என்று, தலைக்குத் தேய்க்கத் தேங்காயெண்ணெய் மட்டும் வாங்கிக்கொள்வார். நான் ஆட்களை முறுக்கிவிடுகிறேன், அவர் மிதித்துவிடுகிறார், எண்ணெயில் பாதி என் வீட்டுக்கு வருகிறது என்று ஊரில் பேச்சு. என் தலைமுடி பளபளப்பதைச் சாட்சிக்குக் காட்டினார்கள்.

வலியை மறைக்கிறவன் அங்கேதான் போயாக வேண்டும். ஆகவே தினமும் கிடங்குக்குப் போகிற வழியில் பேச்சியம்மாள் வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்துவைத்தேன். யார் செருப்பு எது என்பது எனக்கு அத்துப்படி. எதிர்பார்த்தபடியே ஒருநாள் சீனிச்சாமியின் வார் தைத்த செருப்பு அங்கே கிடந்தது. தோளில் சுளுக்கு. எனக்குத் தெரியாமல் வீட்டில் உலக்கையைச் சுழற்றியிருக்கிறார். நல்லவேளை, குறுக்கு இல்லை என்று மூச்சு விட்டுக்கொண்டு, அவரை மறுபடி வாய்க்கால் கரைக்கே அனுப்பினேன். அதன்பிறகு அந்த வாசல் காலியாகவே கிடந்தது. எனக்கு நிம்மதி, பேச்சியம்மாளுக்கு மனத்தாங்கல். ஒருநாள் என்னை நிறுத்தியே கேட்டுவிட்டார்: "ஏந்தம்பி, நீதான் ஆளு அனுப்புறன்னு ஊரே சொல்லுது, இப்ப எதுக்கு ஒருத்தரையும் அனுப்பாம என் தலையைக் காயப்போடுற?"

கங்காணியின் விண்ணப்பம்

தவழுகிற பிள்ளையா என்று கேட்ட ராவுத்தர் நடந்து நடந்தே இளைத்து, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து, மறுநாள் காலை ஒருவரிடமும் சொல்லாமல் கால்நடையாக மலையேறிவிட்டார். தோட்டத்தில் அவரை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. முக்கியமாக, மலைக்கு அந்தப் பக்கத்து வியாபாரிக்குத் திருட்டுத்தனமாக ஏலக்காய் மூட்டை கட்டிக்கொண்டிருந்த கங்காணி எதிர்பார்க்கவில்லை. இறங்கி வந்து கடைத்தெரு முழுக்க ராவுத்தர் அதையே பேசினார். அவர் இடுப்பில் வேட்டி நழுவுவதை எல்லாரும் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமை எனக்கு வந்ததில்லை.

அடுத்த சந்தை நாளில் கங்காணி கிடங்கு வாசலில் வந்து நின்றான். ரொம்பநாள் மலையில் இருந்து பேச்சில் மலையாளம் கலந்துவிட்டவன். உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கைகூப்பினான். "ஐயா, நீங்க நல்லா இருப்பீக, அவுக இளைச்சது மதி, போதும், எங்க ராவுத்தரைப் பழையபடி ஆக்கி விட்டுருங்க."

தவிட்டில் பதிந்த பாதம்

அந்தப் பெருமையும் நிலைக்கவில்லை. காலையில் கிடங்கைத் திறந்தால், நான் ஒழுங்காக நிறுத்திவைத்த கட்டைகள் இடம் மாறியிருந்தன. பெரிய கட்டை முன்னால் நின்றது. அதன் கைப்பிடியில் வியர்வை காயவில்லை. பூட்டு போட்டபடியே இருந்தது. ராவுத்தர் இளைத்த வேகத்தைப் பார்த்து அவரைச் சந்தேகப்பட்டேன். உலக்கை சுழற்றிய கையாயிற்றே என்று சீனிச்சாமியைச் சந்தேகப்பட்டேன். என் பெயரைக் கெடுக்க எந்த ஊர் வாத்தியாரோ ஆள் விட்டிருக்கிறான் என்றுகூட நினைத்தேன். கடைசியில் மில்லில் ஒரு கூடைத் தவிடு கேட்டு வாங்கிவந்து, பூட்டுவதற்கு முன்னால் தரையெங்கும் தூவினேன்.

மறுநாள் தவிட்டில் அகல அகலமாகப் பாதங்கள் பதிந்திருந்தன. வந்திருந்தவர்களை ஒவ்வொருவராகக் காலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒருவர் காலும் பொருந்தவில்லை. சீனிச்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. கிடங்குக்குப் பின்னால் புளியமரத்தில் இருக்கிற பேய்தான் இறங்கி வந்து கட்டை சுற்றுகிறது என்றார். பேய்க்குக் குறுக்கு பிடித்தாலும் பழி என் தலையில்தான் விழும் என்று எனக்குக் கவலை. ராவுத்தர் மட்டும் குனிந்து அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆழமால்ல பதிஞ்சிருக்கு வஸ்தாதே, பேய்க்கு எங்கனய்யா இம்புட்டுத் தொந்தி?"

வாசலில் கிடந்த செருப்பு

கொஞ்ச நாளில் பேச்சியம்மாள் வாசலில் மறுபடி ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. தடித்த தோல். பெருவிரல் அழுந்துகிற இடத்தில் தவிடு. குனிந்து அழுத்திப் பார்த்தேன். கிரீச்சென்றது. ஊரில் சாம்பல் இருக்கிறது, செம்மண் இருக்கிறது, நான் போய்த் தவிட்டைத் தூவியிருக்கிறேன். மில் முதலாளி காலில் தவிடு ஒட்டியிருந்தால் எவன் சந்தேகப்படுவான்?

உள்ளே முதலாளி குப்புறக் கிடந்தார். அவர் இடுப்பில் பேச்சியம்மாளின் குதிகால். தலையைத் திருப்ப முடியாததால் என் காலைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. என் பயிற்சிசாலையில் இன்னொரு ஆளுக்குக் குறுக்கு பிடித்தாயிற்று, அதுவும் இவருக்கே. இனிக் கிடங்கும் இல்லை, சோறும் இல்லை என்று நின்றேன்.

அவரோ கிடந்தபடியே என்னிடம் கெஞ்சுகிற குரலில் பேசினார். மகளுக்கு அம்மை கண்டிருந்தபோது, பிழைத்தால் வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டாராம். மகள் பிழைத்துவிட்டாள். திருவிழா நெருங்குகிறது. இந்தத் தொந்தியோடு சட்டி ஏந்தி நடந்தால் பாதி வழியில் உட்கார்ந்து சாமிக்குக் குறை வைத்துவிடுவோமோ என்று பயம். ராவுத்தர் இளைத்ததைப் பார்த்ததும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் என்னை அப்படி மிரட்டிவிட்டு என்னிடமே வந்து நிற்க வெட்கம். தன்னிடம் அரிசி வாங்குகிறவர்கள் முன்னால் கோவணத்தோடு நிற்க அதைவிட வெட்கம். அதனால் எனக்கு முன்னாலேயே வந்து திறந்து, தானாகவே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்கக் கேட்க எனக்குப் பாவமாகிவிட்டது.

"யாருமே பாக்கலையே முதலாளி, சின்னக் கட்டையை எடுத்திருக்கலாமே?" என்றேன். யாரும் பார்க்காவிட்டாலும் தான் முதலாளிதானே என்றார். பேச்சியம்மாள் காலை எடுத்ததும் முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்து, அரைஞாணில் கட்டியிருந்த கிடங்குச் சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். "நடக்கத்தான சொல்லுவ, கிடங்குக்குள்ளயே நடக்குறேன், நான் உள்ள இருக்கயில மட்டும் கதவைப் பூட்டிருப்பா, ரெண்டு சாவியும் உங்கிட்டயே இருக்கட்டும்."

அந்தத் தொழிலில் இருந்தவரைக்கும் வந்தவர், போனவர், புளியமரத்துப் பேய் என்று யாரையும் நான் சந்தேகப்படாமல் விட்டதில்லை; என்னைத் தவிரச் சாவி வைத்திருந்த ஒரே ஆளைத்தான் சந்தேகப்படத் தோன்றவில்லை, அவர் தயவில் பிழைத்தவன் அல்லவா.