நுரையும் இரண்டு காலர்களும்

ஊரப்பாக்கத்தில் இப்போது எங்கள் வீட்டிலிருக்கும் வாஷிங் மெஷினுக்கு நுரை ஆகாது. பவுடர் கொஞ்சம் கூடிப்போனாலும் திரையில் ஏதோ ஒரு குறியைக் காட்டிவிட்டு, தானே தண்ணீரை வெளியே தள்ளி, தானே மறுபடி பிடித்துக்கொள்ளும். போன வாரம் என் மகன் அவசரத்தில் பவுடரைக் கொட்டிவிட, அது அப்படி நின்றுவிட்டது. அவனுக்கு எரிச்சல், எனக்குச் சிரிப்பு. நுரை அதிகமானால் துணி வெளுக்காது என்ற விஷயத்தைக் கண்டுபிடிக்க எங்கள் வீட்டுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. அதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறகு அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. பக்கத்துப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தாள். அப்பா தினமும் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை போய் வந்தார். வெள்ளைச் சட்டை தவிர வேறு நிறம் போட்டு ஆபீஸுக்குப் போனதில்லை. அந்தச் சட்டைகளின் காலர்தான் எங்கள் வீட்டின் கௌரவம். கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லில் சட்டையை அடித்துத் துவைத்தபின், அம்மா காலரை மட்டும் தனியாக விரித்துப் பிடித்து, தேங்காய் நார் பிரஷால் உள்பக்கம் முழுக்கத் தேய்ப்பாள். அந்த பிரஷ் கல்லுக்கு மேலே சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். மேலதிகாரியே தன் காலரைப் பார்த்து எந்த லாண்டரி என்று கேட்டதாக அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்கும்போது அம்மா சிரிப்பாள். கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, அந்த வருடம் குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அவர் கொண்டுவந்த சாமான்களில் முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு வாஷிங் மெஷின் இருந்தது. வேளச்சேரியில் அவர் வாங்கிய ஃப்ளாட்டில் குளியலறை வாசலுக்குள் அது நுழையவில்லை. அதனால் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டது. பின்பக்க வராந்தாவில் வைத்தோம். அம்மா அதன்மேல் ஒரு பூப்போட்ட விரிப்பைப் போட்டாள்.

முதல் சலவையன்று எல்லோரும் அதன்முன் நின்றோம். தெருவில் முதல்முதலாக டிவி வந்த வீட்டில் நிற்பதுபோல. துணிகள் மேலே ஏறின, விழுந்தன, மறுபடி ஏறின. அப்பா குனிந்து பார்த்தார்.

"பவுடர் போட்டியா?"

"போட்டேங்க."

"எங்க போட்ட? நுரையே காணோமே. சும்மா தண்ணியில புரட்டிக்கிட்டு இருக்குது."

எங்கள் போர் தண்ணீர் உப்பு. தலைக்குக் குளித்தால் முடி விறைத்து நிற்கும். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் நுரை எழும்புவது கஷ்டம். அம்மா கையால் துவைக்கும்போது சோப்பைக் கூட்டிக் கூட்டிப் போட்டு எப்படியோ நுரை வரவழைத்துவிடுவாள். அப்பாவுக்கு நுரை என்பது சலவைக்கான அத்தாட்சி. பொங்கினால் வேலை நடக்கிறது, பொங்கவில்லை என்றால் ஏமாற்று. ஒரு கப் போட்ட இடத்தில் இரண்டு கப் பவுடரைப் போடச் சொன்னார். துணியையும் கதவை அழுத்தி மூட வேண்டிய அளவுக்குத் திணித்தார். கண்ணாடியின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு நுரை வந்து, வந்த வேகத்தில் கரைந்தது. வெளியே வந்த சட்டையில் பவுடர் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. காலரின் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது.

"உங்கண்ணன் இதை குவைத் தண்ணிக்கு வாங்கியிருக்கார். தாம்பரத்துக்கு இது சரிப்படாது" என்றார் அப்பா. மாமனார் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்த பொருளில் ஒரு குறை கிடைத்த திருப்தி அவர் குரலில் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

செய்தி கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டது. அங்கே சித்தப்பா புது வீடு கட்டி முடிக்கும் கட்டத்தில் இருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, மெஷினைச் சாண் போட்டு அளந்தார்.

"அண்ணி, உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க. எங்க வீட்ல பைப்பெல்லாம் புதுசு. அழகா உக்காந்துக்கும்."

"வெச்சிருந்து என்ன பண்ணப்போறோம், எடுத்துட்டுப் போடா" என்றார் அப்பா.

அம்மா சாப்பாடு எடுத்துவைக்கப் போனாள். அன்று சித்தப்பாவுக்கு இரண்டாவது மீன் துண்டு கிடைக்கவில்லை. மெஷின் இருக்க வேண்டும் என்று அம்மா எவ்வளவு விரும்பினாள் என்பதற்கு அந்த வீட்டில் வெளிப்பட்ட ஒரே அடையாளம் அதுதான். அதையும் நான் மீன் தீர்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

அத்தைதான் குறுக்கே வந்தாள். "அண்ணா, தண்ணியில உப்பு இருந்தா நுரை வராது. நுரை வரலேங்கறதால அழுக்கு போகாதுன்னு இல்ல" என்று பாடம் நடத்தினாள். அப்பாவுக்கு முதல் வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது. கோளாறு தண்ணீரில்தான் என்றால் நல்ல தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்றார். அந்த வாரம் மழை விடாமல் பெய்தது. மொட்டை மாடிக் குழாயிலிருந்து கொட்டிய மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மேலே ஏற்றினார். பவுடர் அதே இரண்டு கப். துணியும் அதே திணிப்பு.

நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. முதலில் கண்ணாடி வெளுத்தது. பிறகு உள்ளே துணி இருப்பதே தெரியவில்லை.

"பாத்தியா! இப்பதான் துவைக்குது" என்று அப்பா தொடையில் தட்டிக்கொண்டார்.

அவர் தட்டி முடிப்பதற்குள் பவுடர் போடும் தட்டின் இடுக்கு வழியாக நுரை எட்டிப் பார்த்தது. அடுப்பில் பால் பொங்குவதுபோல வழிந்து, வராந்தாவில் பரவி, என் பள்ளிக்கூட ஷூக்களை மூடியது. எனக்கு அது கிறிஸ்துமஸ் கார்டில் பார்த்த பனி. இரண்டு கைகளிலும் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டேன். அத்தை சாக்குத் துணியோடு ஓடி வந்தாள். அம்மா மட்டும் அசையாமல் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சத்தமே இல்லையே."

"என்ன சத்தம்?"

"துணி விழற சத்தம். அன்னிக்காவது அப்பப்ப தொப்பு தொப்புனு கேட்டுது. இன்னிக்கு ஒண்ணுமே கேக்கலை."

எல்லோரும் காது கொடுத்தோம். மோட்டார் முனகியது. துணி விழும் சத்தம் இல்லை. அத்தை சாக்கைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

"நுரை மெத்தை மாதிரி தாங்கிக்குது அண்ணி. துணி விழவே இல்லை."

"அதான் நானும் நெனச்சேன். கல்லுல அடிக்கிற வேலையைத்தான் இது தூக்கிப் போட்டுச் செய்யுது. நடுவுல நுரை நின்னா எப்படி அடி விழும்?"

அந்தத் துணிகளை அலசி முடிக்க அன்று மாலை வரை ஆனது. காலர் கோடு போகவில்லை.

மறுநாளிலிருந்து சோதனை அம்மாவின் கைக்கு வந்தது. அழுக்குக்குப் பொறுப்பு நான். வெள்ளை சாக்ஸோடு ஈர முற்றத்தில் நடந்து வரச் சொன்னார்கள். அழுக்குப் பண்ணியதற்காக எனக்குப் பாராட்டு கிடைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு வாரம்தான். அம்மா கவிழ்த்த பக்கெட்டின் மேல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியோ கேட்பவள்போல் காதைக் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் பவுடரைக் குறைத்தாள். துணியையும் குறைத்தாள், மேலே ஏறியது விழ இடம் வேண்டும் என்று. அத்தை கண்ணாடியில் தெரியும் நுரையின் உயரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். மழை நின்று பழையபடி போர் தண்ணீர் வந்தபோது அதற்கேற்ப அம்மா பவுடர் அளவைக் கொஞ்சம் கூட்டினாள். கடைசியில் கண்ணாடியின் அடியில் ஒரு கோடு அளவுக்கு நுரை, காதில் தெளிவாக தொப்பு, தொப்பு. சாக்ஸ் புதுசு மாதிரி வந்தது.

"சாக்ஸ் வேற, காலர் வேற" என்றார் அப்பா. "தம்பி ஞாயித்துக்கிழமை டெம்போவோட வரேன்னுட்டான். நான் என்ன பதில் சொல்றது?"

"அதுக்குள்ள ஒரு பரீட்சை வெச்சுடலாம் அண்ணா" என்றாள் அத்தை. அப்பா ஒரு நாள் ஒரு வெள்ளைச் சட்டையும் மறுநாள் இன்னொன்றும் போட்டுக்கொண்டு ரயிலில் போய் வர வேண்டும். ஒன்றைக் கல்லிலும் மற்றதை மெஷினிலும் துவைப்பது. எது நன்றாக வெளுத்தது என்று அப்பாவே தீர்ப்புச் சொல்வது. மெஷினில் போட்ட சட்டையின் கடைசிப் பொத்தானில் மட்டும், அவருக்குத் தெரியாமல், அத்தை ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவாள்.

"என்னைப் பரிசோதனை எலி ஆக்கிட்டீங்க" என்றார் அப்பா. ஆனாலும் இரண்டு நாளும் வேண்டுமென்றே ஜன்னலோரம் உட்கார்ந்து, புழுதியெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். நியாயமான மனிதர்.

சனிக்கிழமை காலை அத்தை மெஷினுக்குக் காவல், நான் கல்லுக்குச் சாட்சி. அம்மா சோப்புப் போட்டாள், சட்டையைக் கல்லில் அடித்தாள், அலசப் போனாள். அவள் மறந்துவிட்டாள் என்று எனக்குப் பதறியது. எக்கி ஆணியிலிருந்து பிரஷை எடுத்து நீட்டினேன்.

"அம்மா, காலருக்கு."

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "வேணாம்டி. அங்கேயே மாட்டு."

மாட்டினேன். பிரஷ் எலும்புபோல் காய்ந்திருந்தது.

ஞாயிறு மதியம் சித்தப்பா டெம்போவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பின்பக்க வராந்தாவில் அப்பா இரண்டு சட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு காலர் பளிச்சென்று இருந்தது. மற்றதில் மங்கலாக ஒரு கோடு.

"இது. சந்தேகமே இல்லை. இதுதான் கல்லுல துவைச்சது" என்று பளிச்சென்றதைத் தூக்கிக் காட்டினார்.

அத்தை கடைசிப் பொத்தானைத் திருப்பினாள். சிவப்பு நூல்.

"அண்ணா, அது மெஷின்!"

அத்தை கைதட்டினாள். சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா மட்டும் மற்ற சட்டையைக் கையில் எடுத்து, காலரின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். நிமிர்ந்து கொல்லைப் பக்கம் பார்த்தார். கல், அதற்கு மேல் ஆணி, ஆணியில் பிரஷ். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பரீட்சையில் பிழை நடந்திருக்கிறது, சாட்சி நான் ஒருத்திதான்.

"அப்பா, அம்மா காலருக்கு பிரஷ்..."

"நீ போய் எனக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார் அப்பா.

சமையலறைக்கு ஓடினேன். பின்னால் அவர் குரல் கேட்டது. "சரி, மெஷின் இங்கேயே இருக்கட்டும்."

"அப்ப எனக்கு? டெம்போ வேற வந்து நிக்குது" என்றார் சித்தப்பா.

"அந்தக் கல்லைத் தூக்கிட்டுப் போ. இங்க இனிமே அதுக்கு வேலை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா உண்மையாகவே கல்லை ஏற்றிக்கொண்டு போனார். கூடுவாஞ்சேரி வீட்டின் பின்வாசலில் அது இன்றும் படியாகக் கிடக்கிறது. அன்று புறப்படும் முன் அம்மா அவருக்கு இரண்டு மீன் துண்டுகள் வைத்தாள்.

நான் தண்ணீர்ச் சொம்போடு திரும்பி வந்தபோது அப்பா அந்த மங்கலான காலர்ச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். சொம்பை நீட்டினேன். வாங்கி அப்படியே திண்டின்மேல் வைத்துவிட்டார். அத்தனை அவசரமாகக் கேட்டுவிட்டு ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே என்று எனக்குக் கோபம். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.